கண் இரண்டு நீங்கலாக

தகரக் கதவைத் தபீதாள் இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள். உள்ளே பிரம்பு இறங்கும் ஓசை கேட்டது. ஒரு பையன் அலறினான். அது அவள் தம்பி அசரியா இல்லை. அவன் அலறினால் கடைசியில் விக்கல் வரும், அது அவளுக்குத் தெரியும். மறுபடி ஓசை. மறுபடி அலறல். விக்கல் இல்லை.

"கதவ தொறங்க சார்! என் தம்பி ஒண்ணும் பண்ணல சார்! அஞ்சு வயசுதான் சார்!"

கதவின் ஓட்டையில் ஒரு கண் வந்து நின்றது.

"டோக்கன் நம்பர் இன்னா?"

"பதினேழு."

"இப்பத்தான் பதினாலு நடந்துகினு கீது. நடுவுல இன்னும் ரெண்டு பேர் கீறாங்க. அதுக்குள்ள இன்னாத்துக்கு மே கதவ ஒடைக்கிற? வரிசையில நில்லு."

கண் மறைந்தது. அது கேசவனின் கண். ஏப்ரல் வரை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், 1972 மே மாதம் முதல் தேதியிலிருந்து மலிவுக் குடும்ப உல்லாசச் சங்கத்தின் கண்டிப்பாளர். காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள். பையின் மேல் 'கண்டிப்பாளர் 1' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. இரண்டாவது கண்டிப்பாளர் வேலைக்கு மனுக்கள் வந்து குவிந்திருப்பதாகப் பேச்சு.

தபீதாளுக்குப் பதினைந்து வயது. தம்பியை வெளியே கூட்டிப்போய்ச் சிரிக்கவைத்துக் கூட்டிவருவதைத் தவிர அவள் வேறொன்றும் நினைத்து வரவில்லை. அம்மா மெட்டில்டாவுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். சின்னது கண்ணயரும் நேரம் பார்த்து அசரியா கட்டிலுக்கடியில் எலெக்ட்ரிக் ரயில் விடுவான், வாயால்தான், ஆனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் ரயில். "எங்கயாவது கூட்டிட்டுப் போடீ, புண்ணியமாப் போகும். செலவு இருக்கக் கூடாது, சாயங்காலம் வரைக்கும் அவன் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது" என்றாள் அம்மா. அப்பா லாசரஸ் கூட்ஸ் வண்டியில் கார்டு. விழுப்புரம் போயிருந்தார், மறுநாள் காலைதான் வருவார்.

செலவில்லாமல் பிள்ளை சிரிக்கும் இடம் என்று ஊருக்கே ஒன்றுதான் இருந்தது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிச் சங்கத்துச் செயலாளர் தட்சிணாமூர்த்தியின் நிலம். அதில் நெல் விளைந்த காலத்தில் மடைத் தண்ணீருக்காக வருஷத்துக்கு ஒரு மண்டை உடையும். இப்போது அது சங்கத்துப் பூங்கா: ஊஞ்சல், சறுக்கு மரம், ஏறி இறங்கும் ஏற்றப் பலகை. வாசலில் பலகை: 'மகிழ்ச்சி எல்லோருக்கும் உரியது. வரிசையில் வரவும்.'

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நான்கு கட்டங்கள்: குழந்தையின் பெயர், நீங்கலான உறுப்பு, எண்ணிக்கை, பொறுப்பாளர் ஒப்பம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தாம்பரம் வட்டாரத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் எந்த அப்பாவும் வாத்தியாரைப் பார்த்து, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லாமல் வீடு திரும்பியதில்லை. லாசரஸ் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறார். அது ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தவரைக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல. வாத்தியாரும் சிரித்துக்கொள்வார். சங்கத்தார் மட்டுமே அந்த மரியாதையை அச்சடித்துக் கட்டம் போட்டவர்கள்.

தபீதாளுக்கு முன்னால் கிளியம்மாள் என்ற கருவாட்டுக்காரி நின்றாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல வாசல்காரரே எழுதினார்: 'சம்பத், கண் இரண்டு, மூன்று.' கிளியம்மாள் கைநாட்டு வைத்தாள். பின்னால் கூட்டம் நெருக்கியது. அசரியா ஊஞ்சலைப் பார்த்துவிட்டுப் பாவாடையைப் பிடித்து இழுத்தான். தபீதாள் தம்பி பெயரை எழுதி, மற்ற இரண்டு கட்டத்திலும் 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் எப்போதும் அப்படித்தான் எழுதுவாள். எழுத்து அழகாக இருந்தது.

உள்ளே எல்லாம் விசிலில் நடந்தது. ஒரு விசிலுக்கு ஊஞ்சல் ஏறவேண்டும், பன்னிரண்டு ஆட்டம், அடுத்த விசிலுக்கு இறங்கவேண்டும். ஆறாவது ஆட்டத்துக்குள் குழந்தை சிரித்திருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு தொண்டர் நோட்டும் பென்சிலுமாக நின்று, குனிந்து, வாயைப் பார்த்தார். தொண்டரின் மீசையைப் பார்த்து அசரியாவுக்கு ஒன்றுக்கு வந்ததே தவிரச் சிரிப்பு வரவில்லை. தொண்டர் எழுதினார்: 'சிரிப்பு: நிலுவை.'

பிறகு தலைவர் பேச வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜீவரத்தினம். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தார்கள்.

"போன வருஷம் இதே பூங்காவுல நான் பார்த்த காட்சி என் நெஞ்ச உலுக்கிடுச்சு. பெத்தவங்க அவங்கவங்க இஷ்டத்துக்குப் பிள்ளைங்கள அடிக்கிறாங்க. ஒருத்தர் செருப்பால. ஒருத்தர் குடையால. ஒரு அம்மா டிபன் கேரியர் மூடியால. இது நாகரிகமா? இதுல ஏதாச்சும் அளவு உண்டா? அதனால கமிட்டி ஏகமனதா ஒரு தீர்மானம் போட்டுது. இந்தப் பூங்காவுக்குள்ள பெத்தவங்க யாரும் பிள்ளை மேல கை வைக்கக் கூடாது."

பலத்த கைதட்டல். ஒரு கைக்குழந்தை பயந்து வீறிட்டது.

"அந்தப் பொறுப்ப இனிமே சங்கம் ஏத்துக்கும். ஏழை பணக்காரன் பேதம் கிடையாது, சாதி மதம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே பிரம்பு. நீங்க கவலையில்லாம கடலை சாப்பிடலாம். குடும்ப உல்லாசம்னா அதுதான். நான் முப்பத்திரண்டு வருஷம் ஹெட்மாஸ்டர். என் கையால அடி வாங்காத பிள்ளை இந்தப் பக்கத்துல இல்ல. அதுல பாதிப் பேர் இன்னிக்குப் பெரிய உத்தியோகத்துல இருக்காங்க. மீதிப் பேர் என்ன ஆனாங்கன்னு நான் விசாரிச்சதில்ல."

அப்போது ஒரு காக்கை கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தது. மைக் கீச்சென்று கத்தியது. காக்கை குட்டிக்கரணம் அடித்து, தலைவர் பக்கத்திலிருந்த பூச்சாடியில் விழுந்து, அவரைப் பார்த்துக் கா என்றது.

அசரியா சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உருண்டு, காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். பன்னிரண்டு நாளில் அவன் அப்படிச் சிரித்து தபீதாள் பார்க்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

செயலாளர் தட்சிணாமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சிரிக்கிற நேரம் நாலரையிலிருந்து அஞ்சேகால் வரைக்கும். இப்ப அஞ்சு முப்பத்திரெண்டு" என்றார். அப்படித்தான் பதினேழாம் நம்பர் டோக்கன் அசரியாவின் கழுத்தில் ஏறியது.

தபீதாள் அறைந்துகொண்டிருந்த கொட்டகைக் கதவு திறந்தது. பதினாலாம் நம்பர் வெளியே வந்தான். கிளியம்மாளின் மகன் சம்பத். பின்பக்கத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வளைந்து நடந்தான். கிளியம்மாள் அவனைக் குனியவைத்து, கால்சட்டையை இறக்கி, மீனுக்குச் செவுள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இன்னாய்யா அடிச்சிக்கீற? ஒரு தடிப்பு காணோம்! மூணுன்னு எழுதிக் குடுத்தேன் இல்ல? ஈ ஓட்டினியா?"

"சங்கத்து அளவு இதாம்மா" என்றான் கேசவன்.

"அளவாவது கிளவாவது! பேஜாரு புடிச்ச சங்கம். இப்டிக் குடு!" அவள் பிரம்பைப் பிடுங்கி மகனுக்கு ஒன்று வைத்தாள். சம்பத் எகிறிக் குதித்தான்.

செயலாளர் விசில் ஊதினார். "பூங்காவுக்குள்ள பெத்தவங்க கை வெச்சிட்டாங்க! பிள்ளைகளத் துன்புறுத்துறத சங்கம் ஒருநாளும் அனுமதிக்காது! கண்டிப்பாளர், இந்தம்மாவுக்கு மூணு!"

"எனக்கா? யாரு, இவனா?"

"உத்தரவும்மா" என்று கேசவன் பிரம்புக்குக் கை நீட்டினான். கிளியம்மாள் அந்தக் கையைக் கடித்தாள். அவன் உதறினான், அவள் விடவில்லை. இருவரும் சுழன்று போய் டெரிலின் சட்டை போட்ட ஒருவர் மேல் மோதினார்கள். அவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்.

"நானும் அதத்தான் கேக்க வந்தேன். அஞ்சுன்னு எழுதியும் என் பையனுக்கு ரெண்டே அடி. இதோ நிக்கிறாரே எங்க பக்கத்து வீட்டுக்காரர், இவர் பையனுக்கு அஞ்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பிரம்புதானே? இது என்ன சார் நியாயம்?"

"எங்க பையன் பண்ண வேலைக்கு அஞ்சு குடுத்தாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "உங்க பையனுக்கு அவ்வளவு தெறமை இல்லன்னா சங்கம் என்ன பண்ணும்?"

டெரிலின் சட்டைக்காரர் முஷ்டியை மடக்கி அவர் மூக்கில் குத்தினார். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ரத்தம் வெள்ளை வேட்டியில் கோடாக இறங்கியது. குத்துப்பட்டவரின் மைத்துனர் ஏற்றப் பலகையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதன் மறுமுனையில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை பொத்தென்று விழுந்தது. அதன் தாய் மைத்துனரின் குடுமியைப் பிடித்தாள். எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு வைத்திருந்த கரண்டிகளை யாரோ கூட்டத்தில் வினியோகித்தார்கள். ஒரு கரண்டி ஒருவரின் புருவத்தைக் கிழித்தது. கடலைக்காரன் தன் சூடான மணலைச் சட்டியோடு தூக்கி இரண்டு பேர் முதுகில் கொட்டிவிட்டு வேலியைத் தாண்டிப் போனான். முற்பகலில் அறிமுகமாகி ஒரே தூக்கில் புளிச்சாதம் சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள் சறுக்கு மரத்தின் உச்சிக்கு ஏறி ஒன்றையொன்று கீழே தள்ளின.

ஜீவரத்தினம் மைக்கை விடவில்லை. "பயப்படாதீங்க. இது குடும்ப விழா. தாய்மார்கள் வலது பக்கமா வந்து சண்டை போடுங்க. ஆண்கள் இடது பக்கம். தயவுசெஞ்சு கலந்து அடிச்சுக்காதீங்க. குழந்தைங்க பாக்குறாங்க. வீட்டுல அன்பு இருந்தாத்தான் நாட்டுல அமைதி இருக்கும். யாருங்க அது நாற்காலிய எடுக்கறது? அது வாடகை நாற்காலி!"

நாற்காலி பறந்தது. பந்தல் மூங்கில் ஒன்று முறிந்து, கிளியம்மாளிடமிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கேசவனின் வலது முன்கை மேல் விழுந்தது. கை முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை முளைத்ததுபோல் மடங்கித் தொங்கியது. கேசவன் அதைப் பார்த்துவிட்டு, "அய்யோம்மா" என்று சின்னப் பிள்ளைபோல் அழுதான்.

தபீதாள் கொட்டகைக்குள் பாய்ந்தாள்.

அசரியா பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டோக்கன். "அக்கா, என் நம்பர் இன்னும் வரல" என்றான்.

அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு கரண்டி அவள் தோளில் வந்து பட்டது. வாசல் பூட்டியிருந்தது. வாசல்காரர் காதோரம் ரத்தம் ஒழுக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நோட்டுப் புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்திருந்தார்.

"வெளியே போற சீட்டு?"

"அங்க கொலை நடக்குது சார்! கதவத் தொறங்க சார்!"

"நடக்கட்டும்மா. 'கண்டிப்பு நிலுவை இல்லை'ன்னு செயலாளர் எழுதி சீட்டு குடுக்கணும். அது இல்லாம பிள்ளைய நான் விட்டா, என் மேல நடவடிக்கை எடுப்பாங்க."

சண்டை களைத்து ஓய்ந்திருந்தது. ஆட்கள் தரையில் உட்கார்ந்து பல் தேடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் தட்சிணாமூர்த்தி ஒரு நாசியில் பஞ்சு வைத்துக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்தார். தபீதாள் தம்பியை இறக்காமல் அவர் முன்னால் நின்றாள்.

"சார், தெரியாம எழுதிட்டேன் சார். மேல இருந்ததப் பார்த்து எழுதிட்டேன்."

"இந்தா பாரும்மா. மேற்படின்னு எழுதியிருக்க. மேற்படின்னா மூணு. சட்டப்படி அது உன் வார்த்தை. கண்ணு ரெண்டும் பத்திரம், அதுக்கு நான் பொறுப்பு." பஞ்சை மாற்றிக்கொண்டார். "ஆனா கண்டிப்பாளருக்குக் கை போச்சு. இன்னும் பதினோரு பிள்ளைங்க பாக்கி. எனக்கே என்ன பண்றதுன்னு புரியல."

தலைவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தட்சிணாமூர்த்தியின் முகம் தெளிந்தது.

"அவசரகாலத் தீர்மானம். பொறுப்பாளரே கமிட்டி முன்னிலையில அடிக்கலாம். அது பெத்தவங்க அடிக்கிறதா ஆகாது, சங்கத்துக்காக அடிக்கிறதா ஆகும். மூணு அடி. சீட்டு வாங்கிட்டுப் போய்ட்டே இரு."

"நா மாட்டேன் சார்."

"நல்லது. பையன் இங்கயே இருக்கட்டும். அப்பாவுக்கு ஆள் அனுப்பறோம். அவர் வந்து அடிச்சிக் கூட்டிட்டுப் போகட்டும். அப்பா என்ன பண்றார்?"

தபீதாள் தம்பியை இறுக்கிக்கொண்டாள். அப்பாவுக்கு யூனிபாரம் பெல்ட் இருந்தது. பித்தளைக் கொக்கி வைத்தது. பங்குனியில் விளக்குச் சிம்னியை உடைத்ததற்கு அந்தக் கொக்கி அசரியாவின் முதுகில் அரைவட்டமாகப் பதிந்தது இன்னும் ஆறவில்லை. பூங்காவில் பிடித்துவைத்திருக்கிறார்கள், ஊரே பார்த்தது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் கொக்கி மூன்றோடு நிற்காது.

அவள் தம்பியைக் கீழே இறக்கினாள். குனிந்து காதில், "சும்மா வெளாட்டு. நா மெதுவா அடிப்பேன். நீ அழுவுற மாதிரி நடி, என்ன?" என்றாள். அவன் தலையாட்டினான்.

பிரம்பைக் கொடுத்தார்கள். கேசவன் இடது கையால் நீட்டினான். "முட்டிக்குப் பின்னால அடி பாப்பா. அங்க சீக்கிரம் வேலை ஆவும்" என்று அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தான்.

முதல் அடி பிள்ளையின் கால்சட்டைத் துணியைத் தொட்டுவிட்டு வந்தது.

"ஒண்ணு" என்றார் தலைவர். "ஒப்புக்கு ஏத்துக்கலாம்."

இரண்டாவது அடி விழும்போது பிரம்பு நுனி கிச்சுக்கிச்சு மூட்டியது. அசரியாவுக்கு நடிக்கவேண்டியது மறந்துபோனது. களுக்கென்று சிரித்தான். சிரித்தவன் அக்காவைப் பார்த்தான், மறுபடி சிரித்தான்.

தட்சிணாமூர்த்தி பென்சிலைக் கீழே வைத்தார். "இது செல்லாது. சிரிப்பு வந்தா கண்டிப்பு ஆகாது. அதுவும் நேரம் தவறின சிரிப்பு. திரும்ப ஒண்ணுலேருந்து. இப்போ ஆறு ஆகுது."

"அக்கா, இன்னொரு தடவ!" என்றான் அசரியா.

சுற்றிலும் வீங்கின கண்கள், கிழிந்த உதடுகள், எல்லாம் அவளையே பார்த்தன. டெரிலின் சட்டைக்காரர் சொன்னார்: "ஒரு பிள்ளைய அடிக்கத் தெரியல, இதெல்லாம் என்ன பொண்ணு!" யாரோ சிரித்தார்கள். அசரியாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். எல்லாம் இவனால்தான் என்று தபீதாளுக்குத் தோன்றியது. ஊஞ்சலில் சிரிக்கச் சொன்னபோது சிரிக்காதவன். அழச் சொன்னபோது சிரிக்கிறவன். அவள் பல்லைக் கடித்தாள். கை அவளுடையது போலவே இல்லை. அப்பாவுடையதுபோல் தோளுக்கு மேலே போய், ஒரு கணம் நின்று, இறங்கியது.

பிரம்பு முட்டிக்குப் பின்னால் தோலைப் பிளந்தது. அசரியா அலறவில்லை. வாயைத் திறந்தான், மூச்சு உள்ளேயே நின்றது, பிறகு விக்கல் வந்தது. ஒரு சிவப்புக் கோடு கணுக்கால் வரை இறங்கி ரப்பர் செருப்பில் சேர்ந்தது.

"பிரமாதம்!" என்று ஜீவரத்தினம் எழுந்து கைதட்டினார். "இது ஒண்ணே மூணுக்குச் சமம். பார்த்துக்குங்க, இதுதான் பாசம்! அளவு, ஒழுங்கு, அக்கறை. அண்ணன் தம்பிய அடிச்சாலும், அக்கா அடிச்சாலும், மனசுல அன்போட அடிக்கணும்னு நான் முப்பத்திரண்டு வருஷமா சொல்றேன்."

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே குடும்பம் அது என்பதால், அன்றைய 'சிறந்த குடும்பம்' பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. பச்சை பிளாஸ்டிக் சோப்பு டப்பா. தொண்டர் நோட்டைப் புரட்டி 'சிரிப்பு: நிலுவை' என்பதை அடித்து 'தீர்ந்தது' என்று எழுதினார். வாசல்காரர் சீட்டைப் படித்துக் கதவைத் திறந்தார். "அடுத்த சனிக்கிழமையும் வாங்க" என்றார்.

ஏரிக்கரையில் தபீதாள் தாவணி முனையை நனைத்து அவன் காலைத் துடைத்தாள். தூக்கிக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினான். நொண்டிக்கொண்டு, சோப்பு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தான். "அம்மா கேட்டா சறுக்கு மரத்துல விழுந்துட்டேன்னு சொல்லு, சரியா? அப்பா கேட்டாலும் அதையே சொல்லு" என்றாள். சரி என்றான்.

சானடோரியம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பீச் போகும் எலெக்ட்ரிக் ரயில் விளக்குப் போட்டுக்கொண்டு தடதடவென்று போனது. வழக்கமாகப் பெட்டியை எண்ணுவான், கடைசிப் பெட்டிக்கு டாட்டா காட்டுவான். இன்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை.

ரயில் போனதும் கேட் ஏறியது. ஆட்கள் கடந்தார்கள். அசரியா நகராமல் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மொத அடி வெளாட்டுக்கு அடிச்ச. ரெண்டாவதும் வெளாட்டுக்குத்தான். எனக்குத் தெரியும்" என்றான். விக்கல் இன்னும் நிற்கவில்லை. "மூணாவது யாருக்குக்கா அடிச்ச?"